நாணம் தடுக்காத கல்வி

 

நம் மகளிர் மத்ரஸாவின் வெள்ளிவிழா மலருக்குப் பெண்களின் தொழுகை, ஹயா பற்றி எழுதித் தரும்படி விழாக் குழுவினர் பணித்தார்கள். ஐவேளைத் தொழுகையின் கடமையும் பர்தாவின் அவசியமும் இம்மலரைக் கையில் எடுக்கும் சகோதரிகளுக்குப் புதிதல்ல. எனவே அவற்றை விட்டுவிட்டு, அந்தச் சட்டங்கள் எப்படி நம் வீடு வரை வந்து சேர்ந்தன என்பதை எழுதத் துணிகிறேன். அவற்றில் பல பெண்கள் கேட்ட கேள்விகளால் வந்தவை.

ஸஹீஹ் முஸ்லிமில் நான் அடிக்கடி திரும்பிப் போய்ப் படிக்கும் ஹதீஸ் ஒன்று உண்டு. அஸ்மா (ரலி) என்ற பெண்மணி, மாதவிடாய் நின்றபின் குளிக்கும் முறையை நபிகள் நாயகத்திடம் (ஸல்) நேரில் வந்து கேட்கிறார். தண்ணீரும் இலந்தை இலையும் எடுத்துச் சுத்தம் செய்வது, தலையில் நீரூற்றி மயிர்க்கால் வரை தேய்ப்பது, பின் கஸ்தூரி தோய்த்த பஞ்சால் தூய்மை செய்துகொள்வது என்று நாயகம் விளக்குகிறார்கள். பஞ்சால் எப்படி என்று அந்தப் பெண்மணி மேலும் கேட்கிறார். நாயகம் ‘ஸுப்ஹானல்லாஹ்’ என்று சொல்லி, முன்பு சொன்னதையே மீண்டும் சொல்கிறார்கள். பக்கத்தில் இருந்த அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள்தாம் அவரிடம் மெதுவாக, இரத்தம் பட்ட இடங்களைத் துடைக்க வேண்டும் என்று விளங்கச் சொல்கிறார்கள். அன்சாரிப் பெண்கள் எவ்வளவு நல்லவர்கள், மார்க்கத்தை விளங்கிக்கொள்ள வெட்கம் அவர்களைத் தடுக்கவில்லை என்று அன்னையவர்கள் பாராட்டியதும் இதே அறிவிப்பில்தான் வருகிறது.

இதில் கேட்டவருக்கும் நாணம் உண்டு, பதில் சொன்ன நாயகத்துக்கும் நாணம் உண்டு. அந்த நாணத்துக்கும் பங்கம் வராமல், சட்டமும் மறைந்துபோகாமல் காத்தது கற்றறிந்த ஒரு பெண்ணின் குரல். மகளிர் மத்ரஸா என்ற ஏற்பாட்டுக்கு இதைவிடப் பெரிய ஆதாரம் எனக்குத் தெரியவில்லை.

இப்படி எத்தனை கேள்விகள்! கடமையான குளிப்புக்குப் பின்னிய சடையை அவிழ்க்க வேண்டுமா என்று அன்னை உம்மு ஸலமா (ரலி) கேட்டார்கள். வேண்டாம், தலையில் மூன்று முறை கையால் நீரள்ளி ஊற்றினால் போதும் என்று பதில் கிடைத்தது. மாதவிடாயில் விடுபட்ட நோன்பைக் களாச் செய்கிறோம், விடுபட்ட தொழுகையை ஏன் களாச் செய்வதில்லை என்று முஆதா என்ற தாபிஈப் பெண் ஆயிஷா நாயகியிடம் கேட்டார். நோன்பைக் களாச் செய்யும்படி மட்டுமே தங்களுக்கு ஏவப்பட்டது என்றார்கள் அன்னையவர்கள். இன்று பிள்ளைகளுக்குச் சமைத்துக் கொடுத்துவிட்டு வேலைக்கும் ஓடும் ஒரு தாய், மாதாமாதம் முப்பது வக்துக்கு மேல் சேரக்கூடிய களாவின் பாரம் இல்லாமல் இருக்கிறாள். அந்தச் சலுகையை நமக்கு விளக்கி வைத்தது அந்தக் கேள்வி.

பள்ளிவாசல் விஷயத்தையும் தொட வேண்டும். ஜும்ஆ மேடையில் நாயகம் ஓதக் கேட்டுக் கேட்டே ‘காஃப்’ சூராவை மனனம் செய்த உம்மு ஹிஷாம் (ரலி) அவர்களின் வரலாறு ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. போர்வைகளால் உடலைச் சுற்றிக்கொண்டு சுபுஹுத் தொழுகைக்கு வந்த முஃமினான பெண்கள், இருள் பிரியுமுன் அடையாளம் தெரியாதபடி வீடு திரும்பியதை ஆயிஷா நாயகி சொல்ல, இமாம் புகாரி (ரஹ்) பதிவு செய்திருக்கிறார்கள். தொழுகையும் ஹயாவும் ஒரே போர்வைக்குள் இருந்த காலம் அது! உமர் (ரலி) அவர்களின் துணைவியார் சுபுஹுக்கும் இஷாவுக்கும் பள்ளிக்குச் செல்வார்கள். கணவருக்கு அது பிடிக்காது என்று தெரிந்தும் ஏன் போகிறீர்கள் என்று கேட்டபோது, அவர் என்னைத் தடுக்காமல் இருப்பது ஏன் என்று திருப்பிக் கேட்டார்கள். அல்லாஹ்வின் அடியாள்களைப் பள்ளிவாசல்களை விட்டுத் தடுக்காதீர்கள் என்ற நபிமொழிதான் உமரையே கட்டிப்போட்டது. பெண்களுக்கு வீட்டில் தொழுவது மேலானது என்ற அறிவிப்பும் அபூதாவூதில் உண்டு. சிறப்பு எது என்பது வேறு, தடுக்கும் அதிகாரம் யாருக்கு என்பது வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் பெரும்பாலும் நம் ஆண்கள்தாம்.

ஆண்களைச் சொன்னதால் இன்னொன்று. பார்வையைத் தாழ்த்தும் கட்டளை அந்நூர் அத்தியாயத்தின் 30ஆம் வசனத்தில் முஃமினான ஆண்களுக்கே முதலில் இடப்படுகிறது. பெண்களின் முறை 31ஆம் வசனத்தில்தான் வருகிறது. மிம்பர்களில் இரண்டாவது வசனத்துக்குக் கிடைக்கும் நேரத்தில் பாதியாவது முதல் வசனத்துக்குக் கிடைக்கிறதா என்று ஜமாஅத்தார் யோசிக்கட்டும்.

நம் கடற்கரை ஊர்களின் பெருமையையும் சொல்லாமல் விட மனமில்லை. காயல்பட்டினத்தில் பெண்களுக்கென்றே தைக்காக்கள் உண்டு. அங்கே பெண்களே கூடித் தொழுகிறார்கள், ஓதுகிறார்கள். ஷாஃபிஈ மத்ஹபின்படி பெண்களுக்கு ஒரு பெண் இமாமாக நிற்கலாம். அவர் முன்னே தனித்து நிற்காமல் வரிசையின் நடுவில் நிற்பார். அன்னை ஆயிஷாவும் அன்னை உம்மு ஸலமாவும் அவ்வாறு தொழவைத்ததாகவே அறிவிப்புகள் வந்துள்ளன. காயலில் பிறந்து, கீழக்கரையில் வாழ்ந்து, 1898இல் மறைந்த இமாமுல் அரூஸ் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) அவர்கள் ‘பத்ஹுத் தய்யான்’ என்ற ஃபிக்ஹு நூலை அரபுத் தமிழில் எழுதினார்கள். அரபு எழுத்தில் தமிழைப் படிக்கத் தெரிந்த நம் பாட்டிமார்கள், பள்ளிக்கூடம் போகாமலேயே ஒளுவின் ஃபர்ளுகளையும் தொழுகையின் ஷர்த்துகளையும் வரிசையாகச் சொன்னார்கள். அவர்களின் வெள்ளைத் துப்பட்டி பாதத்தையும் மூடி இறங்கியதற்குக் காரணம் கேட்டால், தொழுகையில் முகமும் முன்கைகளும் தவிர மற்றவை மறைய வேண்டும் என்ற மஸ்அலாவோடு பதில் வரும். அரபுத் தமிழ் மறைந்தபோது அந்தக் கல்வியும் வீட்டைவிட்டு வெளியேறியது. அந்த இடத்தை நிரப்பத்தான் மகளிர் மத்ரஸாக்கள் எழுந்தன.

அந்தக் கல்வி எவ்வளவு உயரம் போக முடியும் என்பதற்கு மக்காவில் வாழ்ந்த கரீமா அல்மர்வஸிய்யா (ரஹ்) ஒருவர் போதும். ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டில் ஸஹீஹுல் புகாரியை அவரிடம் பாடம் கேட்டவர்களுள் வரலாற்றாசிரியர் கதீப் அல்பக்தாதியும் ஒருவர்.

இன்று பட்டம் பெறும் ஆலிமா மகள்களே! ஸனதை வாங்கிப் பெட்டியில் வைத்துவிடாதீர்கள். உங்கள் தெருவில் ஹைளு பற்றியும் இஸ்திஹாளா பற்றியும் கேட்க ஆளின்றி, தொழுகையை விட்டுவிட்டுக் கலங்கி நிற்கும் பெண்கள் இருக்கிறார்கள். வாரம் ஒரு பொழுது அஸருக்குப் பிறகு அவர்களை உட்கார வைத்துக் கேட்க விடுங்கள். எந்தக் கேள்விக்கும் முகம் சுளிக்காதீர்கள். ஜமாஅத் பெரியவர்களே, அதற்கு ஓர் அறையும், பெண்கள் ஒளுச் செய்ய மறைவான இடமும் ஒதுக்கிக் கொடுங்கள். அல்லாஹ் நம் அனைவரின் அமல்களையும் கபூல் செய்வானாக. ஆமீன்.