குடிநோய் மருந்துகள்

குடியைச் சட்டத்தால் ஒழிக்கப் பார்த்ததும் மாத்திரையால் நிறுத்தலாம் என்ற செய்தி வந்ததும் ஒரே ஆண்டில். 1948 அக்டோபர் 2 அன்று சென்னை மாகாணம் முழுக்க மதுவிலக்கு வந்தது. மறு ஆண்டு ஆட்சிப் பொறுப்பேற்று 1952 வரை அதை நடத்தியவர் ராஜபாளையத்துக்காரரான பூ. ச. குமாரசாமி ராஜா. 1948 டிசம்பரில் டைசல்ஃபிராம் பற்றி ‘லான்செட்’ இதழில் டென்மார்க் ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

ரப்பரைப் பதப்படுத்தும் பொருள் அது. குடற்புழு மருந்தாகுமா என்று பார்க்க யென்ஸ் ஹால்டும் எரிக் யாகோப்சனும் தாங்களே விழுங்கினார்கள். பிறகு மது அருந்தியபோது முகம் சிவந்தது, நெஞ்சு படபடத்தது, குமட்டியது. மதுவிலிருந்து உருவாகும் அசிட்டால்டிஹைடை உடல் அப்புறப்படுத்த முடியாதபடி இம்மருந்து தடுத்துவிடுகிறது. குடிக்கும் ஆசையை இது குறைப்பதில்லை. பயமே இதன் பலம்.

மதுவிலக்கு 1971இல் போய், 1974இல் திரும்பி, 1981இல் மறுபடி போனது. 2003இல் சில்லறைக் கடைகளும் டாஸ்மாக் வசமாயின. சிகிச்சைதான் நிதானமாக வந்தது. சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை முன்னோடி. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் மக்களுக்கோ பெரியாஸ்பத்திரி என்றால் நெடுங்காலம் மதுரைதான். 1937இல் சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கிவைத்த ராஜாஜியின் பெயர் அதற்கு! அவர்களுடைய மாவட்டமான விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022இல்தான் திறக்கப்பட்டது.

நாள்பட்டுக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் முதலில் கை நடுங்கும், தூக்கம் வராது. இரண்டு மூன்று நாளில் சிலருக்கு வலிப்பு வரும். இல்லாத பூச்சியைப் பாயிலிருந்து தட்டிவிடுவார்கள். அப்போது குளோர்டயாசிபாக்சைடு மாத்திரையும் தயமின் ஊசியும் உயிர் காக்கும்.

குடிப்பவருக்குத் தெரியாமல் டைசல்ஃபிராமைக் குழம்பில் கலந்து கொடுப்பது தமிழக வீடுகளில் பழகிப்போன ரகசியம். பரிதாபமான ரகசியம், ஆபத்தானதும்கூட. விவரம் தெரியாமல் அவர் குடித்துவிட்டால் ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை மருந்தின் வேகம் இருக்கும், அரிஷ்டம்கூட ஆகாது. அறிந்து சாப்பிட்டால் கதை வேறு. 2004இல் வெளியான மும்பை ஆய்வில் 100 பேர், ஓராண்டு, மாத்திரையைக் கவனித்துக் கொடுக்க வீட்டில் ஒருவர். டைசல்ஃபிராம் எடுத்தவர்களில் 86 விழுக்காட்டினர் மீண்டும் குடிக்கவில்லை. நால்ட்ரெக்ஸோன் எடுத்தவர்களில் 44 விழுக்காட்டினர்.

நால்ட்ரெக்ஸோன் குடியின் கிறக்கத்தை மட்டுப்படுத்துவது. அமெரிக்காவில் 1994இல் குடிநோய்க்கு அனுமதி பெற்றது. இன்னொரு மருந்தான அகாம்ப்ரோசேட் ஈரலைத் தொந்தரவு செய்யாமல் சிறுநீரகம் வழியே வெளியேறும். ஆனால் வேளைக்கு இரண்டாக, நாளுக்கு 6 மாத்திரை. ராஜபாளையம் நூற்பாலையில் ஷிப்டு மாறிமாறிப் போகிறவருக்கு அந்தக் கணக்கு எளிதில் தப்பிவிடும்.