ரிசர்ஜ்: கல்லறைக் கல்லிலிருந்து எக்ஸெல் ஷீட் வரை

போன வருஷம் என் ப்ராஜெக்ட் முடிஞ்சப்போ ஒரு எக்ஸெல் ஷீட் வந்தது. அதில் என் பேர் இல்லை. 'ரிசோர்ஸ் 4 – ரிலீஸ்டு'ன்னு ஒரு வரி, அவ்வளவுதான். ரெண்டு மாசம் பெஞ்ச்சில் இருந்தேன். அந்தக் கடுப்பில் 'ரிசோர்ஸ்'ங்கிற வார்த்தையைத் தோண்டினா, அடியில் 'ரிசர்ஜ்' கிடந்தது.

ரிசர்ஜ் என்றால் அடங்கிப்போன ஒன்று மறுபடி வேகமாகக் கிளம்புவது. 16-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்த வினைச்சொல். மூலம், லத்தீனின் 'ரெசுர்கெரே'. 'ரெ' என்றால் மறுபடி, 'சுர்கெரே' என்றால் எழுவது. அந்த சுர்கெரேயையும் பிரிக்கலாம்: 'சுப்' கீழிருந்து, 'ரெகெரே' நேராக்குவது, வழிநடத்துவது. கீழே கிடக்கிற ஆள் முதுகை நிமிர்த்தி எழுகிற மாதிரி. நம்ம 'ராஜா'வுக்கும் இந்த ரெகெரேக்கும் வேர் ஒண்ணுதான். (சர்ஜன் மட்டும் இந்தக் குடும்பம் இல்லை, அவர் கிரேக்கத்துக்காரர்.)

இதில் எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை லண்டனில் நடந்தது. 1666 பெருந்தீயில் செயின்ட் பால் தேவாலயம் எரிந்துபோனது. புதிதாகக் கட்ட வந்தவர் கிறிஸ்டோபர் ரென். குவிமாடத்தின் மையத்தை அடையாளம் வைக்க, இடிபாட்டிலிருந்து ஏதாவது ஒரு கல்லை எடுத்து வரச் சொன்னாராம். வேலையாள் கொண்டுவந்தது ஒரு உடைந்த கல்லறைக் கல். அதில் மிச்சமிருந்தது ஒரே வார்த்தை: 'ரெசுர்காம்'. மறுபடி எழுவேன். ரென் குடும்பம் சொன்ன கதை இது, கொஞ்சம் மசாலா இருக்கலாம். ஆனால் தெற்கு வாசலுக்கு மேலே, ஃபீனிக்ஸ் பறவைக்குக் கீழே அதே வார்த்தை இன்றைக்கும் செதுக்கியிருக்கு.

ஜார்ஜ் காரெட் என்பவர் 1879-ல் தன் நீர்மூழ்கிக் கப்பலுக்கும் ரெசுர்காம்னு பேர் வெச்சார். 1880 பிப்ரவரியில் வேல்ஸ் கரைக்குப் பக்கத்தில் முழுகிடுச்சு. 1995-ல்தான் கண்டுபிடிச்சாங்க. இன்னமும் அடியிலேயேதான் கிடக்கு. பேர் ராசி!

சரி, ரிசோர்ஸுக்கு வருவோம். அதே ரெசுர்கெரே பழைய பிரெஞ்சு மொழியில் தேய்ந்து, விழுந்தவர் மீண்டு எழுவதைக் குறிக்கும் வினையானது. அதிலிருந்து பிறந்த பெயர்ச்சொல்தான் 'ரெசூர்ஸ்': விழுந்தவரைத் தூக்கிவிடும் உதவி. 17-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்து, அப்புறம் காசு, நிலக்கரி, எண்ணெய்னு போய், கடைசியில் ஆட்கள் வரைக்கும் வந்துடுச்சு.

பெஞ்ச்சிலிருந்து வெளியே வந்த பிறகு முதல் மீட்டிங். புது மேனேஜர் கேட்டார்: "நீங்கதான் அந்த ரிசோர்ஸா?"

"ஆமா சார்"னேன். கொஞ்சம் நிமிர்ந்தே உட்கார்ந்து சொன்னேன்.

அடுத்த வாரம் பார்ப்போம் மக்களே.