புஷ்தாவிலிருந்து பவானாவுக்கு: தில்லி விளையாட்டுகளும் நிலத்தின் விலையும்

2010ஆம் ஆண்டின் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டியை நடத்தும் உரிமை தில்லிக்குக் கிடைத்தது 2003 நவம்பரில். ஜமைக்கா நாட்டு மாண்டிகோ பே நகரில் ஓட்டெடுப்பு நடந்து முடிவானது. மூன்றே மாதத்தில், 2004 பிப்ரவரியில், யமுனையின் மேற்குக் கரையில் புஷ்தா என்று சொல்லப்படும் அணைமேட்டுக்குப் புல்டோசர்கள் வந்து நின்றன. சில மாதங்களுக்குள் ஏறக்குறைய ஒன்றரை லட்சம் பேர் அங்கிருந்து துரத்தப்பட்டார்கள். ரிக்‌ஷா இழுத்தவர்கள், குப்பை பொறுக்கியவர்கள், கட்டட வேலைக்குப் போனவர்கள், வீட்டு வேலை செய்த பெண்கள். பெரும்பான்மையோர் முஸ்லிம்கள், மற்றவர்களில் தலித்துகள் நிறையப் பேர்.

விளையாட்டுக்காக இடிக்கிறோம் என்று சொல்லவில்லை. நதியை அசுத்தம் பண்ணுகிறார்கள், கரையை அழகுபடுத்தவேண்டும் என்றார்கள். யமுனைக் கரை ஆக்கிரமிப்புகளை அகற்றச் சொல்லி 2003 மார்ச்சில் தில்லி உயர்நீதிமன்றம் போட்ட உத்தரவு கையில் இருந்தது. தில்லியின் மலமும் கழிவும் நஜஃப்கர் நாலா போன்ற பெரிய சாக்கடைகள் வழியாக ராத்திரி பகலாக யமுனையில்தான் விழுகிறது. அந்தக் கழிவை அனுப்புகிற பங்களாக்காரர்களை யாரும் கேட்கவில்லை. கரையில் குந்தியிருந்தவன்தான் ஆற்றைக் கெடுத்தவன் ஆனான். தண்ணி தீட்டாயிருச்சு என்றால் யார்மேல் பழி விழும் என்பது நமக்குப் புதுசா என்ன?

சர்வதேசப் போட்டி வந்தால் நிலத்தின் விலை ஏறும் என்று பொருளாதாரம் படித்தவர்கள் எழுதுகிறார்கள். ஏதோ மழை பெய்தால் ஏரி நிரம்பும் என்பதுபோல! விலை தானாக ஏறுவதில்லை, ஏற்றப்படுகிறது. யார் ஏற்றுகிறார்கள், அதற்கு முன்னால் யாரை இறக்குகிறார்கள் என்று பார்க்கவேண்டும்.

தில்லியில் இதன் கதை 1957இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு தில்லி வளர்ச்சி ஆணையம் அமைக்கப்பட்டது. 1894ஆம் ஆண்டு வெள்ளைக்காரன் போட்ட நிலக் கையகச் சட்டத்தை வைத்துச் சுற்றுக் கிராமங்களின் விளைநிலங்கள் வளைக்கப்பட்டன. விவசாய நிலத்துக்கு உண்டான விலையைக் கொடுத்து வாங்கி, மனை போட்டு, ஏலத்தில் விற்றார்கள். ஊரிலேயே பெரிய நிலக்கிழார் அரசாங்கமே என்றானது. 1962இல் வந்த மாஸ்டர் பிளான் ஏழைகளுக்கும் வீட்டிடம் உண்டு என்றது. அந்த வீடுகள் வேண்டிய அளவுக்குக் கட்டப்படவேயில்லை. நகரத்தைக் கட்ட வந்தவன் கிடைத்த மேட்டில் குடிசை போட்டான். அவனுக்கு வைத்த பெயர் ஆக்கிரமிப்பாளன். சேரியை உண்டாக்கியது திட்டம். குற்றவாளிக் கூண்டில் நிற்பது சேரி.

1982இல் ஆசிய விளையாட்டுப் போட்டி வந்தது. மேம்பாலங்கள், அரங்கங்கள், நட்சத்திர ஓட்டல்கள், சிரி கோட்டைப் பக்கம் ஆசியாட் கிராமம். வெளி மாநிலங்களிலிருந்து மேஸ்திரிகள் ஆட்களைத் திரட்டிக் கொண்டுவந்தார்கள். அன்றைக்குக் குறைந்தபட்சக் கூலி நாளொன்றுக்கு 9 ரூபாய் 25 காசு. அதில் ஒரு ரூபாயை ஜமேதார் பிடித்துக்கொண்டு 8 ரூபாய் 25 காசுதான் கையில் கொடுத்தான். மக்கள் ஜனநாயக உரிமை ஒன்றியம் எழுதிய கடிதத்தையே மனுவாக ஏற்று, 1982 செப்டம்பரில் உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகக் கொடுத்து வாங்கும் வேலை அரசியல் சட்டத்தின் 23ஆம் பிரிவு தடுக்கிற கட்டாய உழைப்பே என்றார் நீதிபதி பகவதி. நம் பாட்டன் முப்பாட்டன் பார்த்த பண்ணையாள் வேலைக்கும் தலைநகரத்து ஸ்டேடியம் வேலைக்கும் சட்டத்தின் கண்ணில் ஒரே பெயர். தென் தில்லி மனைகளின் பவுசு இந்த ஒரு ரூபாயையும் தின்றுதான் வளர்ந்தது.

இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். எமர்ஜென்சியின்போது வளர்ச்சி ஆணையத்தின் துணைத்தலைவராக இருந்து 1976இல் துருக்மான் கேட் இடிப்புக்குப் பேர்போனவர் ஜக்மோகன். 1982 ஆசியாட் நடந்தபோது தில்லியின் துணைநிலை ஆளுநர் அவரே. 2004இல் புஷ்தா இடிபட்டபோது மத்தியச் சுற்றுலா அமைச்சர், கரையை அழகுபடுத்தும் திட்டத்துக்குச் சொந்தக்காரர், அவரே. ஆட்சிகள் மாறின, கட்சியையும் அவர் மாற்றிக்கொண்டார். புல்டோசர் மட்டும் மாறவில்லை.

துரத்தியவர்களில் ஒரு பகுதிக்கு 30 கிலோமீட்டருக்கு அப்பால் பவானா போன்ற இடங்களில் மனை கொடுத்தார்கள். 1990க்கு முன்னால் எடுத்த ரேஷன் கார்டு இருந்தால் 18 சதுர மீட்டர். 1998க்கு முன் என்றால் பன்னிரண்டரை. கார்டு இல்லாதவனுக்குத் தெரு. மனையும் இனாம் இல்லை, 7,000 ரூபாய் கட்டவேண்டும். கட்டினாலும் பட்டா கிடையாது. சில வருஷத்துக்கு லைசென்ஸ், அவ்வளவுதான். விற்க உரிமையில்லை. கல்யாணி மேனன்-சென், கௌதம் பான் இருவரும் பவானாவில் ஆய்வு செய்து 2008இல் கொண்டுவந்த நூல், போன வேலைகளையும் நின்றுபோன படிப்புகளையும் பதிவு செய்திருக்கிறது.

புஷ்தாவை ஆற்று நிலம் என்று சொல்லித்தானே காலி செய்தார்கள்? அதே யமுனையின் எதிர்க்கரையில் அக்‌ஷர்தாம் கோயில் எழுந்து 2005 நவம்பரில் திறக்கப்பட்டது. அதன் பக்கத்திலேயே விளையாட்டு வீரர்களுக்கான கிராமம், 1,168 அடுக்குமாடி வீடுகள். வரைபடத்தில் நிலப் பயன்பாட்டை மாற்றி எழுதினால் ஆறும் நகர்ந்துபோகும்போல. வழக்குப் போட்டார்கள். அது ஆற்றுப் படுகையும் இல்லை, வெள்ளச் சமவெளியும் இல்லை என்று 2009 ஜூலையில் உச்சநீதிமன்றம் முடித்துவைத்தது.

அந்த வீடுகளைக் கட்டியது எம்மார் எம்ஜிஎஃப் என்ற தனியார் நிறுவனம். போட்டி முடிந்ததும் பணக்காரர்களுக்கு விற்றுக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. 2008இல் உலகச் சந்தை சரிந்தது, வீடு வாங்க ஆள் குறைந்தது. 2009இல் வளர்ச்சி ஆணையமே 333 வீடுகளைச் சதுர அடி சுமார் 11,000 ரூபாய் என்று வாங்கி நிறுவனத்தைக் கைதூக்கிவிட்டது. விலை ஏறினால் லாபம் கம்பெனிக்கு, இறங்கினால் நஷ்டம் சர்க்காருக்கு. இதைச் சந்தை என்கிறார்கள்!

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பவானாவின் 18 சதுர மீட்டர் என்பது 194 சதுர அடி. அரசாங்கம் கம்பெனிக்குக் கொடுத்த விலையில் 194 சதுர அடிக்கு 21 லட்சம் ரூபாய்க்கு மேல் வருகிறது. ஒன்று கட்டி முடித்த வீடு, மற்றது வெறும் மண் என்று சொல்லலாம். வாஸ்தவம்தான். ஆனால் அந்த வெறும் மண்ணைக்கூட நம்மாள் விற்கமுடியாது, அடகு வைக்கமுடியாது. விலையே இல்லாத நிலத்தை நமக்கு ஒதுக்குவதும், நாம் எழுந்துபோன நிலத்துக்கு விலை வருவதும் ஒரே காரியத்தின் இரண்டு பக்கம்.

இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வந்தது? பட்டியல் சாதியினரின் மக்கள்தொகை விகிதப்படி அவர்களுக்கென்று திட்டப் பணத்தை ஒதுக்கவேண்டும் என்பதே 1979-80இல் தொடங்கிய சிறப்புக்கூறுத் திட்டம். 2010இல் தலித் மனித உரிமைகளுக்கான தேசிய இயக்கத்தார் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கிய விவரங்களிலிருந்து தெரியவந்தது: தில்லி அரசு அந்த நிதியில் சுமார் 744 கோடி ரூபாயைக் காமன்வெல்த் போட்டி வேலைகளுக்குத் திருப்பிவிட்டிருக்கிறது. நம் பிள்ளைகளின் உதவித்தொகைக்கும் விடுதிக்கும் வீட்டுக்கும் போகவேண்டிய காசு. ரோடும் பாலமும் எல்லாருக்கும் பொதுதானே என்று சமாதானம் சொன்னார்கள். ஊர்ப் பொதுக்கிணறும் அப்படித்தான் பொது! பாராளுமன்றத்தில் பிரச்சினை எழுந்தபோது, நிதி திருப்பிவிடப்பட்டதை உள்துறை அமைச்சர் சிதம்பரம் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. நம்மைத் துரத்துவதற்கான செலவில் நம்முடைய பங்கையும் சேர்த்தே எடுத்திருக்கிறார்கள். இதைவிடப் பெரிய கொள்ளை என்ன இருக்கிறது?

வீட்டுவசதி, நில உரிமைகளுக்காக வேலை செய்யும் அமைப்பு ஒன்று 2004இலிருந்து இந்தப் போட்டியை ஒட்டித் தில்லியில் வெளியேற்றப்பட்டவர்கள் குறைந்தது இரண்டு லட்சம் பேர் என்று கணக்கிட்டது. அதில் தமிழர்களும் உண்டு. ஜங்புராவில் பாராபுல்லா சாக்கடையோரம் முப்பது வருஷத்துக்கும் மேலாக இருந்த 360க்கும் மேற்பட்ட தமிழ் தலித் குடும்பங்களின் வீடுகளை 2010 ஏப்ரலில் இடித்தார்கள். ஜவஹர்லால் நேரு ஸ்டேடியத்துக்கு வருகிற வண்டிகளை நிறுத்த இடம் வேண்டுமாம். ஸ்டேடியத்திலிருந்து விளையாட்டுக் கிராமத்துப் பக்கம் போவதற்கு அதே சாக்கடைமேல் உயர்மட்டச் சாலை ஒன்றும் போட்டார்கள். இடிக்காமல் விட்ட சேரிகளை வெளிநாட்டுக்காரன் கண்ணில் படாதபடி மூங்கில் தட்டியும் விளம்பரப் பலகையும் வைத்து மறைத்தார்கள்.

போட்டி பன்னிரண்டு நாளில் முடிந்துபோனது. நிலத்தின் பசி முடியவில்லை. அந்தச் சாக்கடைக் கரையில், நிஜாமுதீன் ரயில் நிலையத்துக்கு அருகில், மதராசி கேம்ப் என்ற குடியிருப்பு மிச்சம் இருந்தது. விழுப்புரம், கள்ளக்குறிச்சிப் பக்கமிருந்து பஞ்சம் பிழைக்கப் போனவர்கள். ஜங்புரா வீடுகளில் பாத்திரம் துலக்கியும் சமைத்தும் இரண்டு தலைமுறை ஓடிவிட்டது. மழைத் தண்ணீர் ஓடச் சாக்கடையைச் சுத்தம் செய்யவேண்டும் என்ற உயர்நீதிமன்ற உத்தரவின் பேரில் 2025 ஜூன் 1 அன்று அங்கிருந்த 370 வீடுகளும் இடிக்கப்பட்டன. பாதிக்குச் சற்று அதிகமான குடும்பங்களுக்கு மட்டும் நரேலாவில் வீடு என்றார்கள். மற்றவர்களிடம் காகிதம் சரியில்லையாம். நரேலா என்பது பவானாவுக்கும் அந்தப்பக்கம். வேலை தரும் வீடுகள் ஜங்புராவிலேயே இருக்கின்றன. காலை ஏழு மணிக்கு அங்கே போய்ச் சேர வேண்டுமானால், நரேலாவில் எத்தனை மணிக்கு எழுந்து எத்தனை பஸ் ஏறவேண்டும் என்பதை எந்தத் தீர்ப்பும் கணக்கில் எடுக்கவில்லை.