டெக்சாஸ் சட்டமன்ற முதனிலைத் தேர்தலும் கறுப்பின மக்களின் வாக்குரிமையும் (1923–1966)

முன்னுரை

அமெரிக்க மாநிலங்களில் சட்டமன்றத்திற்குரிய கட்சி வேட்பாளர்களைப் பெரும்பாலும் வாக்காளர்களே தேர்ந்தெடுக்கின்றனர். பொதுத்தேர்தலுக்கு முன் இதற்கென நடைபெறும் வாக்கெடுப்பே முதனிலைத் தேர்தல் எனப்படுகின்றது. கட்சித் தலைவர்களின் பிடியைத் தளர்த்தும் சீர்திருத்தமாக விஸ்கான்சின் மாநிலம் 1903இல் இதனைச் சட்டமாக்கிற்று. தென் மாநிலங்களிலோ இதே முறை ஓர் இனத்தாரை விலக்கும் கருவியாக அமைந்தது. அவ்விலக்கம் டெக்சாசில் நீங்கிய வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கின்றது.

ஒரு கட்சி ஆதிக்கமும் விலக்கமும்

20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் டெக்சாசில் ஜனநாயகக் கட்சியே மேலோங்கி நின்றது. அக்கட்சியின் முதனிலைத் தேர்தலில் வென்றவர் பொதுத்தேர்தலிலும் வெல்வது ஏறத்தாழ உறுதி. எனவே முதனிலையில் வாக்கில்லாதவருக்கு மெய்யான வாக்கே இல்லை எனலாம். 1923இல் டெக்சாஸ் சட்டமன்றம் இத்தேர்தலில் கறுப்பினத்தவர் வாக்களிப்பதை வெளிப்படையாகத் தடை செய்தது.

எல்பாசோ நகர மருத்துவர் நிக்சன் தொடுத்த வழக்கில், 1927இல் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தைச் செல்லாததாக்கியது. உடனே சட்டமன்றம் விலக்கும் அதிகாரத்தைக் கட்சியின் செயற்குழுவிடம் ஒப்படைத்தது. அதுவும் 1932இல் வீழ்ந்தது. பின்னர்க் கட்சி மாநாடே தடைத் தீர்மானம் நிறைவேற்றிற்று. கட்சி தனியார் அமைப்பு என்னும் வாதத்தை ஏற்று, 1935இல் உச்ச நீதிமன்றம் அத்தீர்மானத்தை நிலைநிறுத்தியது.

1940இல் ஹூஸ்டன் நகரப் பல் மருத்துவர் லானி ஸ்மித்துக்கு முதனிலைத் தேர்தலின் வாக்குச்சீட்டு மறுக்கப்பட்டது. அவருக்காக வழக்காடியவர்களுள் தர்குட் மார்ஷல் முதன்மையானவர். அரசின் சட்டங்களால் நெறிப்படுத்தப்படும் தேர்தலை ஒரு கட்சியின் தனிச்செயலாகக் கருத இயலாது என 1944இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எட்டு நீதிபதிகள் இம்முடிவை ஏற்க, ஒருவர் மட்டுமே மாறுபட்டார்.

வாக்குரிமையும் தொகுதி எல்லையும்

வாக்களிக்கும் உரிமை கிடைத்தபோதிலும் வேட்பாளராக வெல்லும் வாய்ப்பு உடன் வந்துவிடவில்லை. ஹூஸ்டனில் பிறந்த வழக்கறிஞர் பார்பரா ஜோர்டன் 1962, 1964 ஆகிய ஆண்டுகளில் மாநிலக் கீழவைக்கு முயன்று தோற்றார். அந்நகரை உள்ளடக்கிய ஹாரிஸ் கவுண்டி முழுவதும் வாக்களித்த அத்தேர்தல்களில் கறுப்பினத்தாரின் வாக்குகள் பெரும்பான்மையினரின் வாக்குகளுள் கரைந்துபோயின. மேலவையிலோ, எத்துணை மக்கள்தொகை இருப்பினும், ஒரு கவுண்டிக்கு ஓர் உறுப்பினருக்கு மேல் இல்லை என்பது மாநில அரசியலமைப்பின் விதியாக இருந்தது.

1964இல் உச்ச நீதிமன்றம் மாநிலச் சட்டமன்றத் தொகுதிகள் மக்கள்தொகையில் ஏறத்தாழச் சமமாக அமைதல் வேண்டும் என வரையறுத்தது. அதன் விளைவாக 1965இல் டெக்சாஸ் தொகுதிகள் திருத்தியமைக்கப்பட்டன. வறியோரைத் தடுத்துவந்த வாக்கு வரியும் 1966இன் தொடக்கத்தில் நீதிமன்றத் தீர்ப்புகளால் மாநிலத் தேர்தல்களிலிருந்து நீங்கிற்று.

அவ்வாண்டு மே மாதம் நடைபெற்ற முதனிலைத் தேர்தலில், புதிய 11ஆம் மேலவைத் தொகுதியில் ஜோர்டன் மீண்டும் போட்டியிட்டார். அவரை எதிர்த்தவர் கீழவை அனுபவமுடைய வெள்ளையரான விட்ஃபீல்ட். ஜோர்டன் வெற்றி பெற்றார். 1883க்குப் பின் டெக்சாஸ் மேலவையில் இடம்பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவரே. அம்மேலவைக்குச் சென்ற முதல் கறுப்பினப் பெண்ணும் அவரே.

முடிவுரை

இருமுறை தோற்றவரும் மூன்றாம் முறை வென்றவரும் ஒருவரே, நகரும் ஒன்றே. இடையில் மாறியவை தொகுதியின் எல்லையும் வாக்களிப்போரின் தொகையுமே ஆகும். ஆதலின் வேட்பாளரின் தகுதியை மட்டும் கொண்டு தேர்தல் முடிவுகளை விளக்குதல் பொருந்தாது. 1944ஆம் ஆண்டுத் தீர்ப்பு முதனிலைத் தேர்தலின் கதவைத் திறந்தது. அக்கதவின் வழியே ஒரு வேட்பாளர் மேலவைக்குள் நுழைய மேலும் 22 ஆண்டுகள் ஆயின என்பது, உரிமைக்கும் பயனுக்கும் இடையிலுள்ள தொலைவைப் புலப்படுத்துகின்றது.