கடலுக்கடியில் ஒரு சரவெடி

சிவகாசிக்காரர்களிடம் சரவெடி பற்றிப் பேசுவது திருநெல்வேலிக்கே அல்வா கொடுக்கிற கதைதான். ஆனால், ஒரு சரவெடி அவர்களுக்கும் புதுசாக இருக்கலாம். பஸ் பிடித்தால் சில மணி நேரத்தில் தூத்துக்குடி. அங்கிருந்து கடலுக்குள் போய், தீவுகளை ஒட்டிய பவளப்பாறைகளின் மேல் தலையை முக்கிப் பாருங்கள். ‘படபட’வென்று ஓயாத சத்தம்! வெடிப்பது சுண்டுவிரல் அளவே இருக்கும் ஒருவகை இறால். கொடுக்கை அது வெடுக்கென்று மூடும்போது உண்டாகும் குமிழி உடைகிற சத்தம் அது.

இந்தச் சத்தத்தை நம்பிப் பிழைக்கிறது ஒரு மீன். பெயர் டாம்சல். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். மன்னார் வளைகுடாவில் இருக்கும் ஒரு வகைக்கு முதுகில் மஞ்சள், உடம்பில் ஐந்து கறுப்புப் பட்டை. பெண் மீன் பாறையில் முட்டைகளை ஒட்டிவிட்டுப் போய்விடும். அப்பா மீன்தான் காவல். துடுப்பால் விசிறிக்கொண்டே இருக்கும். தன்னைவிடப் பெரிய மீன் வந்தாலும் விரட்டும். நாலைந்து நாளில் குஞ்சு பொரித்ததும் நீரோட்டம் அவற்றை அடித்துக்கொண்டு போய்விடும். இரண்டு, மூன்று வாரம் கழித்து, கண்ணுக்கெட்டாத கடலிலிருந்து அந்தப் பொடிசுகள் பாறைக்கு வழி கண்டுபிடிப்பது எப்படி?

வாசனை ஒரு வழி. இன்னொன்று, காது! ஆஸ்திரேலியக் கடலில் ஸ்டீபன் சிம்ப்சன் குழுவினர் பவளக் கற்களைக் குவித்து, சிலவற்றில் மட்டும் ஸ்பீக்கர் வைத்து, பாறையின் சத்தத்தை ஒலிக்கவிட்டார்கள். சத்தம் கேட்ட குவியல்களுக்குத்தான் அதிக மீன் குஞ்சுகள் வந்தன. 2005-ல் வெளியான ஆய்வு இது. செத்த பாறையில் இதே சத்தத்தை ஒலிக்கவிட்டபோது மீன்கள் இரண்டு மடங்கானதாக 2019-ல் இன்னொரு ஆய்வு சொன்னது.

இப்போது நம்ம ஊர்க் கதைக்கு வருவோம். சுண்ணாம்புக்கும் கார்பைடுக்கும் என்று பல வருஷங்களாக இந்தப் பவளப்பாறைகளைத்தான் பெயர்த்துப் படகில் ஏற்றினோம். 1986-ல் தேசியப் பூங்கா என்று அறிவித்த பிறகும் ஓயவில்லை. 2001-ல் பவளத்துக்குப் புலிக்கு நிகரான சட்டப் பாதுகாப்பு கிடைத்தது. 2004 சுனாமி வந்து பாறைகளின் அருமையைப் புரியவைத்த பிறகுதான் கடப்பாரைகள் ஓய்ந்தன. அதற்குள் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் நீரில் மூழ்கிவிட்டன. தூத்துக்குடிக்கு எதிரே உள்ள வான் தீவு 1969-ல் 16 ஹெக்டேர். 2015-ல் மிஞ்சியது இரண்டு ஹெக்டேருக்கும் குறைவு.

அந்த வருஷம் முதல் வான் தீவைச் சுற்றி, சென்னை ஐ.ஐ.டி. வடிவமைத்த செயற்கைப் பாறைகளை ஆயிரக்கணக்கில் இறக்கினார்கள். தீவு கரைவது மட்டுப்பட்டது. ஓட்டை ஓட்டையான அந்த கான்கிரீட்டில் மீன்களும் குடிவந்துவிட்டன.

வெடிச் சத்தம் கேட்டால் மிரண்டு ஓடும் உயிர்களைத்தான் நமக்குத் தெரியும். அதைக் கேட்டு வீடு வந்து சேருகிறது இந்தப் பொடி மீன். பாறையைப் பெயர்த்தபோது நாம் எடுத்தது வீட்டை மட்டுமல்ல, வீட்டுக்கு வழி சொன்ன குரலையும்தான்.