வெப்பமும் வழக்கும்

நோயுற்றவர் நீதி கேட்டு வருமிடத்துச் சட்டம் முதலில் வினவுவது, தீங்கைச் செய்தவர் யார் என்பதாகும். காலநிலை மாற்றத்தால் விளையும் தீங்கிலே இவ்வினாவுக்குத் தனியொரு விடை இல்லை. இத்தடையை ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்று எதிர்கொண்ட வரலாறு நோக்கற்பாலது.

1994ஆம் ஆண்டில் அந்நீதிமன்று தீர்த்த லோர்க்கா வழக்கில் இவ்விடர் எழவில்லை. ஸ்பெயின் நாட்டு நகரான லோர்க்காவில், தோல் பதனிடும் தொழிலின் கழிவைச் சுத்திகரிக்கும் நிலையமொன்று ஒரு குடும்பத்தின் வீட்டிலிருந்து 12 மீற்றர் தொலைவில் இயங்கியது. நச்சு வாயு எங்கிருந்து வந்தது என்பது கண்கூடு. தனிவாழ்வையும் இல்லத்தையும் காக்கும் 8ஆம் உறுப்புரை மீறப்பட்டதென மன்று கண்டது.

2003ஆம் ஆண்டுக் கோடை வெப்பத்திலோ ஐரோப்பாவில் 70,000க்கும் மேற்பட்டோர் வழமையினும் மிகையாக இறந்தனர். அவருட் பெரும்பாலார் முதியோர். புவியை வெப்பமாக்கும் காபனீரொட்சைட்டு எண்ணற்ற ஊற்றுகளிலிருந்து பல தலைமுறைகளாக வளியிற் சேர்ந்தது. ஆதலின் ஒரு சாவுக்கு ஓர் ஆலையைச் சுட்டிக்காட்ட இயலவில்லை. 2016இல் சுவிற்சர்லாந்தின் முதிய பெண்கள் சங்கமொன்றை அமைத்து, இம்மாற்றத்தைத் தணிக்கும் கடமையில் அரசு தவறியதென முறையிட்டனர். 2018இல் அந்நாட்டு நிருவாக நீதிமன்று, ஏனையோரினும் அவர்கள் சிறப்பாகப் பாதிக்கப்படவில்லை என்றது. 2020இல் உச்ச நீதிமன்று, அவர்தம் உரிமைகள் போதிய அளவு தீவிரமாகப் பாதிக்கப்படவில்லை எனத் தள்ளியது. அதன்பின் அவர்கள் ஐரோப்பிய நீதிமன்றை நாடினர்.

2024 ஏப்பிரல் 9ஆம் நாள் ஸ்ராஸ்பேர்க்கில் வழங்கப்பட்ட தீர்ப்பில் வினாவே மாறியது. அரசு தவறியிராவிடின் தீங்கு நேர்ந்திராது என நிறுவவேண்டியதில்லை; தீங்கைத் தணித்திருக்கக்கூடிய நியாயமான நடவடிக்கைகளை எடுக்காமையே அரசைப் பொறுப்பாக்கப் போதுமென மன்று கொண்டது. 16க்கு 1 என்ற வாக்குகளால், 8ஆம் உறுப்புரை மீறப்பட்டமை உறுதியாயிற்று.

ஆயினும் இவ்வெற்றி சங்கத்துக்கே உரியதாயிற்று. உடன் வழக்காடிய நான்கு பெண்களின் தனி முறைப்பாடுகள், மன்று வகுத்த உயர்ந்த அளவுகோலை எட்டவில்லை. அனைவரையும் தீண்டும் தீங்குக்கு அனைவரும் வழக்காடிகளாகிவிடுவர் என்ற மன்றின் அச்சம் புறந்தள்ளத்தக்கதன்று. எனினும் மிகை இறப்பு என்னும் கணக்கு தனிமனிதரின் சாவுகளாலேயே ஆனது. அத்தனிமனிதருக்கு மன்றில் எவ்வாறு இடமமையும் என்பதே சட்டம் இனி விடைகாண வேண்டிய வினாவாகும்.