மகிழடியில் ஒரு சூள்: வானோர் காதற்கதைகளும் சேக்கிழாரின் கயிலைக் காட்சியும்

பெரியபுராணத்துத் திருமலைச் சிறப்பில் வரும் நந்தவனக் காட்சியை, சுந்தரரின் இரு திருமணங்களுக்குப் பின்னாளில் தேடிக்கொடுத்த சமாதானமாகப் படிப்பது நம் ஆய்வுலகில் ஏறக்குறைய முடிந்த முடிபாகிவிட்டது. கயிலையில் தொண்டு செய்த ஆலால சுந்தரர் உமையின் சேடியரான கமலினியையும் அநிந்திதையையும் கண்டு மனம் வைத்தார். மூவரும் தென்னாட்டில் பிறந்தனர். எனவே திருவாரூர்ப் பரவையையும் திருவொற்றியூர்ச் சங்கிலியையும் அவர் மணந்தது விண்ணில் முன்பே தீர்ந்த கணக்கு. அடியாரின் ஒழுக்கத்தைப் பற்றிக் கேள்வி கேட்க இடமில்லை. முன்கதையின் வேலை இவ்வளவுதான் என்கிறது அந்த ஆய்வுமரபு. இக்கட்டுரை அதனோடு உடன்படவில்லை. முன்கதை சுந்தரரை விடுவிக்கவில்லை, கட்டிப்போடுகிறது என்பதே என் வாதம்.

இந்தக் கேள்விக்கு என்னைத் திரும்பக் கொண்டுவந்தவை, ஆங்கிலத்தில் இளையோருக்காக எழுதப்பட்ட தேவதூதர் காதல் நாவல்கள். 2005இல் ட்வைலைட் இரத்தக்காட்டேரியைக் காதலனாக்கியது. அந்த அலையைத் தொடர்ந்து 2009இல் பெக்கா ஃபிட்ஸ்பாட்ரிக்கின் ஹஷ் ஹஷ், லாரன் கேட்டின் ஃபாலன், 2011இல் சிந்தியா ஹேண்டின் அன்எர்த்லி, லைனி டெய்லரின் டாட்டர் ஆஃப் ஸ்மோக் அண்ட் போன் என வரிசையாக வந்தன. விண்ணிலிருந்து வீழ்ந்தவன், மண்ணில் அவனை விரும்பும் பதின்வயதுப் பெண், இருவருக்கும் நடுவே ஒரு தடை: பெரும்பாலும் கதைச்சட்டம் இதுதான். இவற்றை மேலைச் சந்தையின் சரக்கு என்று ஒதுக்குவது எளிது. ஆனால் இக்கதைச்சட்டத்தைத் தமிழ் 12ஆம் நூற்றாண்டிலேயே, அதுவும் மிக உயர்ந்த தளத்தில், கையாண்டிருக்கிறது. அதைக் கையாண்ட பெரியபுராண ஆசிரியர் சேக்கிழாரின் ஊர் குன்றத்தூர். இன்று திருப்பெரும்புதூர் – ஒரகடம் தொழில்தடத்தின் வாசலில் இருக்கும் அதே குன்றத்தூர்.

ஊரைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இத்தகைய கதைகளை யாருக்காக எழுதுகிறார்களோ அந்த வயதுப் பெண்கள், வீட்டை விட்டு வந்து, இத்தொழில்தடத்தில் பெருந்திரளாகத் தங்கி வேலை செய்கிறார்கள். வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட சிப்காட் குடியிருப்பு மட்டுமே 18,720 பெண் தொழிலாளர்களுக்கானது. ஷிப்டு முடிந்து கம்பெனி பஸ்ஸில் திரும்பும் பெண்ணின் கைபேசியில் காதல் தொடர்கதை ஓடுவதை இப்பகுதியில் எவரும் கண்டிருக்கலாம். வீட்டார் பார்க்கும் வரனுக்கும் தான் விரும்பும் வாழ்வுக்கும் இடையே நிற்கும் பெண்ணின் நிலையைச் சேக்கிழார் எப்படி எழுதினார் என்பது அவருடைய சொந்த மண்ணில் இன்னும் உயிருள்ள கேள்வி.

கயிலைக் காட்சிக்கு வருவோம். விவாதம் முழுவதும் ஒரே செய்யுளைச் சுற்றி நடக்கிறது. சுந்தரர் சிவனுக்கும், சேடியர் இருவரும் உமைக்கும் மலர் கொய்ய வந்த இடத்தில் அச்செய்யுள் நிற்கிறது. அதன் முதல் பாதி ஒரு நோக்கத்தைச் சொல்கிறது: தவம் செய்த தென்திசை வாழவேண்டும், குற்றமற்ற திருத்தொண்டத்தொகை கிடைக்கவேண்டும். அதற்காக, அங்கே வந்த மங்கையர்மேல் சுந்தரர் மனத்தைச் செலுத்தினார் என்று செய்யுள் தொடர்கிறது. காதல் வெறும் கருவி, தொகை பாடுவதே பயன் என்று முந்தைய ஆய்வாளர்கள் முடிவுகட்டுவது இந்த முதல் பாதியை வைத்துத்தான். சமய உரைகாரர்களில் சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், இரு பெண்களையும் இரு சத்திகளின் உருவகமாக்கி, காதலையே கரைத்துவிட்டனர்.

செய்யுள் அங்கே முடிந்துவிடவில்லை. கடைசி அடியில் அந்தப் பெண்களும் காதலோடு அவரைக் கண்டார்கள் என்கிறார் சேக்கிழார். இந்த அடியை எவரும் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. முன்பாதியில் சொன்ன நோக்கம் சுந்தரரின் செயலோடு மட்டுமே இயைகிறது. பெண்களின் பார்வைக்கு எந்த நோக்கமும் கற்பிக்கப்படவில்லை. தென்திசை வாழ்வதற்காகவோ தொகைக்காகவோ அவர்கள் காதலிக்கவில்லை. தொண்டர் வரலாறு பாடப் புறப்பட்ட ஒரு புலவருக்கு அந்த அடி தேவையே இல்லை. ஆணின் வீழ்ச்சியை மட்டும் சொல்லியிருந்தாலே கதை நகர்ந்திருக்கும். தேவையில்லாத இடத்தில் அதை வைத்ததால்தான் அதற்கு எடை கூடுகிறது. நோக்கம் கதைசொல்லியின் பின்னோக்கிய பார்வை. நந்தவனத்தில் நிகழ்ந்தது இருதரப்புக் காதல். இவ்விரண்டையும் ஒரே செய்யுளில் அருகருகே வைத்து, ஒன்றை மற்றொன்று விழுங்காதபடி நிறுத்தியிருக்கிறார் சேக்கிழார். ஒரு செய்யுளின் தொடரமைப்பிலிருந்து இவ்வளவு பெரிய முடிவுக்குப் போகலாமா என்று தயங்கவேண்டியதுதான். நூலின் பிற்பகுதி இதே திசையில் சாயாதிருந்தால் நானும் தயங்கியிருப்பேன்.

இறைவனின் ஆணையையும் கவனிக்கவேண்டும். தென்னாட்டில் பிறந்து அம்மங்கையரோடு காதலின்பம் துய்த்து வருக என்பதே அதன் சாரம். சாபத்தின் சொற்கள் அதில் இல்லை. நடுங்கியவர் சுந்தரர்தான்: மானுடனாய் மயங்கும்போது என்னைத் தடுத்து ஆட்கொள்ளவேண்டும் என்று வேண்டுகிறார். அந்த வேண்டுதலில் ஒரு முன்னறிவு இருக்கிறது. பிறந்தபின் தனக்கு எதுவும் நினைவிருக்காது என்று அவருக்குத் தெரியும்.

அப்படியே நடக்கிறது. புத்தூரில் தம் மணப்பந்தலில், நீ என் அடிமை என்னும் ஆளோலையோடு முதியவராய் வந்து நின்ற இறைவனைச் சுந்தரர் பித்தன் என்கிறார். ஓலையைப் பறித்துக் கிழிக்கிறார். கயிலையின் ஒரு துளி நினைவு மிஞ்சியிருந்தாலும் அவர் கை அந்த ஓலையைக் கிழித்திராது. பரவைக்கும் நினைவில்லை, சங்கிலிக்கும் நினைவில்லை. முன்கதையை முழுதும் அறிந்தவர்கள் இறைவனும், அதை எடுத்துரைக்கும் உபமன்யு முனிவரும், வாசகரும்தான். ஒழுக்கத்துக்குச் சமாதானம் சொல்வதுதான் முன்கதையின் வேலை என்றால், அது பாத்திரங்களுக்குப் பயன்படவேண்டும் அல்லவா? கதைக்குள் ஒருவரும் ஒருமுறைகூட அதை அந்த மணங்களுக்குக் காரணமாகக் காட்டுவதில்லை.

தேவதூதர் நாவல்களோடு ஒப்பிட்டால் இதன் தனித்தன்மை விளங்கும். அவற்றில் அறிவு ஒருபக்கமாகக் குவிந்திருக்கும். ஃபாலனில் டேனியலுக்குப் பழம்பிறவிகள் எல்லாம் நினைவிருக்கும். மீண்டும் மீண்டும் பிறந்து இறக்கும் லூஸுக்கு ஒன்றும் தெரியாது. ஹஷ் ஹஷ்ஷில் பேட்சின் முதுகில் இறக்கைகள் இருந்த இடத்து வடுக்களைக் கண்டே நோரா அவன் யார் என்று உணரவேண்டியிருக்கிறது. ஆணுக்குத் தெரியும், பெண் தேடி அறியவேண்டும். அந்த மேடுபள்ளத்தில்தான் கதையின் கவர்ச்சியும் இருக்கிறது, அதன் ஆபத்தும் இருக்கிறது. சேக்கிழாரிடம் அந்த மேடுபள்ளம் இல்லை. நந்தவனக் காதல் இருவருக்குமே நினைவில் இல்லை. எனவே ஒருவர்மேல் ஒருவருக்கு இருக்கக்கூடிய உரிமையெல்லாம் இந்த மண்ணில் பேசிப் பெற்ற உரிமையாகவே இருந்தாகவேண்டும்.

அந்தப் பேச்சு நடக்கும் இடம் திருவொற்றியூர். ஞாயிறு என்னும் ஊரில் பிறந்த சங்கிலி, பெற்றோர் திருமணப் பேச்சை எடுத்ததும் மயங்கி விழுகிறாள். சிவனருள் பெற்ற ஒருவருக்கே தான் உரியவள் என்கிறாள். அவளை மணம்பேசிய ஒருவன் இறந்தும்போகிறான். வேறு வழியின்றிப் பெற்றோர் அவளைத் திருவொற்றியூரில் கன்னிமாடம் அமைத்துக் குடியிருத்துகிறார்கள். அங்கிருந்து கோயிலுக்கு வந்து, திரைக்கு உள்ளே அமர்ந்து மாலை கட்டுகிறாள். கட்டிய மாலையைக் கொடுக்கத் திரை நீங்கி வரும்போது சுந்தரர் பார்க்கிறார். வீட்டாரின் வரனை மறுத்து, வேற்றூரில் காவலுள்ள இடத்தில் தங்கி, தன் கைவேலையோடு வாழும் பெண் இவள். 12ஆம் நூற்றாண்டுக் காப்பியம் ஒன்று இப்படிப்பட்டவளை இவ்வளவு விரிவாக எழுதியதை நம் ஆய்வுகள் ஏன் கொண்டாடவில்லை என்பது எனக்குப் புரியாத ஒன்று.

சுந்தரர் அவளைத் தரும்படி இறைவனிடமே கேட்கிறார். இறைவன் சங்கிலியின் கனவில் தோன்றுகிறான். ஆணையிடவில்லை, மணந்துகொள்வாய் என்று பரிந்து பேசுகிறான். அவள் இசைகிறாள். இசைந்த கையோடு, அவர் திருவாரூரில் மகிழ்ந்து வாழ்பவர், இதையும் எண்ணிப் பார்த்தருளவேண்டும் என்கிறாள். பரவையின் பெயரைச் சொல்லாமலே பரவையை நினைவூட்டும் பேச்சு அது. உன்னைப் பிரியேன் என்று அவன் சூளுறுவான் என்று இறைவன் வாக்களிக்கிறான்.

முன்கதை சமாதானத்துக்காகவே எழுந்தது என்றால், இறைவன் இந்த இடத்தில் சொல்லவேண்டிய பதில் வேறு: நீ அநிந்திதை, அவன் ஆலால சுந்தரன், நந்தவனம் நினைவில்லையா என்று கேட்டிருந்தால் போதும். ஒரு வாக்கியத்தில் முடிகிற காரியம். அந்த வாக்கியத்தைச் சேக்கிழார் எழுதவில்லை. அதற்குப் பதில் சூளை வைத்தார்.

சூளிலும் ஒரு சூழ்ச்சி புகுகிறது. பிற தலங்களையும் வணங்கும் விருப்பம் உள்ள சுந்தரர், சங்கிலியோடு சூளுறச் சன்னிதிக்கு வரும் நேரத்தில் நீர் கருவறையை விட்டு மகிழமரத்தடியில் இருக்கவேண்டும் என்று இறைவனிடம் கேட்டுக்கொள்கிறார். இறைவன் இசைகிறான், உடனே சங்கிலியிடம் போய், சன்னிதியில் அன்றி மகிழின்கீழ் சூள் கேள் என்று சொல்லிவிடுகிறான். மறுநாள் தோழியர் அப்படியே கேட்கிறார்கள். சுந்தரர் மருள்கிறார், பின் மகிழை மும்முறை வலம்வந்து சூளுறுகிறார். பின்னர்த் திருவாரூர் வசந்தவிழாவின் நினைவு மீதூர, திருவொற்றியூர் எல்லையைத் தாண்டுகிறார். தாண்டியதும் இரு கண்களும் ஒளியிழக்கின்றன.

வீழ்ந்த தேவதூதர் மரபின் மூலநூல்களில் ஒன்றான ஏனோக்கின் நூலிலும் ஒரு சூள் உண்டு. காவலர் எனப்படும் இருநூறு வானவர்கள் ஹெர்மோன் மலையில் இறங்கி, மனிதப் பெண்களைக் கொள்வது என்று தங்களுக்குள் உறுதிமொழி செய்கிறார்கள். அந்த உறுதி வானவருக்கும் வானவருக்கும் இடையே நடப்பது; அதில் பெண்களுக்குப் பேச்சில்லை. சேக்கிழாரின் சூள் பெண் கேட்டு, பெண்ணிடம் செய்யப்படுவது. மீறியவன் சிவனின் தோழன், தண்டித்தவன் சிவன். எங்கிருந்து இறங்கி வந்தவன் என்பது அங்கே செல்லுபடியாகவில்லை.

கண்ணிழந்தபின் அவர் நடந்த வழி, நாம் இன்று அன்றாடம் கடக்கும் மண். திருமுல்லைவாயில், திருவெண்பாக்கம், பழையனூர் திருவாலங்காடு, காஞ்சிபுரம். திருவெண்பாக்கத்தில் கிடைத்தது ஊன்றுகோல் மட்டும். அந்தத் தலம் 1944இல் கட்டிமுடிக்கப்பட்ட பூண்டி நீர்த்தேக்கத்துக்குள் போய்விட, கோயிலை வேறிடத்துக்கு மாற்றினார்கள். காஞ்சியில் இடக்கண்; வலக்கண் திருவாரூரில்தான். சேக்கிழார் தம் ஊரைச் சுற்றிய நிலத்திலேயே, தம் நாயகனைக் குருடனாய் நடத்திச் செல்கிறார். நாயகனைக் காப்பாற்றும் எண்ணம் இருந்தவர் இப்பகுதியைச் சுருக்கியிருப்பார்.

கண்ணிழந்த செய்தி சுந்தரர் பதிகங்களிலேயே இருப்பதால் சேக்கிழாருக்கு அதை விட்டுவிட வழியில்லை என்று கூறலாம். உண்மைதான். திருமுல்லைவாயில் பதிகத்திலேயே சங்கிலியின் பொருட்டுக் கண் போனதை அவர் பாடுகிறார். ஆனால் கன்னிமாடமும், கனவில் அவள் சொன்ன மறுமொழியும் இவ்வளவு விரிவடைந்தது சேக்கிழாரின் தேர்வு. வடமொழி உபமன்யு பக்த விலாசத்தைக் காட்டி முன்கதையே இரவல் என்பாரும் உளர். அந்நூல் பெரியபுராணத்துக்குப் பிற்பட்டது என்ற கருத்தே வலுவாக இருப்பதால் அதில் நேரம் செலவிடவேண்டியதில்லை. இருதார மணம் அக்கால வழக்கம்தானே என்ற விளக்கமும் இங்கே பயன்படாது. வழக்கம் என்றால் பரவை கதவடைத்திருக்கமாட்டாள். சங்கிலியை மணந்த செய்தி கேட்டு அவள் ஊடியபோது, திருவாரூர்த் தெருவில் நள்ளிரவில் இறைவனே இருமுறை தூது நடக்கவேண்டியிருந்தது. அர்ச்சகர் வேடத்தில் போன முதல்முறை அவள் மறுத்தே விட்டாள்.

நூலின் முடிவான வெள்ளானைச் சருக்கமும் இந்த வாசிப்போடு இசைகிறது. சுந்தரர் வெள்ளையானையில் கயிலை சேர்கிறார். பரவையும் சங்கிலியும் கமலினியாகவும் அநிந்திதையாகவும் தத்தம் பழைய தொண்டுக்குத் திரும்புகிறார்கள். விண்ணில் காதல் தொடர்வதில்லை. காதலுக்கு உரிய இடம் மண்தான். ஃபாலன் வரிசையின் நான்காம் நாவலான ராப்சரில் (2012) காதலர் இருவரும் விண்ணைத் துறந்து, நினைவையும் இழந்து, மனிதராகவே பிறந்து சந்திக்கிறார்கள். நினைவிழப்பை விலையாகக் கொடுத்தால்தான் காதல் சமநிலை பெறும் என்ற இடத்துக்கு அவ்வரிசை நான்கு நூல்கள் கடந்து வருகிறது. பெரியபுராணம் அந்த இடத்திலிருந்தே தொடங்குகிறது.

என் வாசிப்பை உண்மையில் சங்கடப்படுத்தும் பெண் ஒருத்தி இருக்கிறாள்: புத்தூர்ச் சடங்கவி சிவாசாரியாரின் மகள். கயிலையிலிருந்து வராதவள், வெறும் மனிதப் பெண். ஆளோலை வழக்கில் மணம் நின்றுபோக, பந்தலில் விடப்பட்டவள். அவளும் சுந்தரரையே நினைந்து சிவலோகம் சேர்ந்தாள் என்று சுருக்கமாகச் சொல்லி நூல் நகர்ந்துவிடுகிறது. அவளுக்குச் சூளும் இல்லை, தூதும் இல்லை. தேவதூதர் நாவல்களில் கதைநாயகியாகியிருக்கக்கூடியவள் அவள்தான். சேக்கிழாரின் நீதி வானிலிருந்து வந்த பெண்களுக்கு மட்டும்தானா என்று ஒருவர் கேட்டால், சங்கிலிக்குக் கிடைத்த சூள் அவள் அநிந்திதையாக இருந்ததால் கிடைத்ததன்று, அவள் வாய்திறந்து கேட்டதால் கிடைத்தது என்பேன். புத்தூர்ப் பெண்ணின் வாயில் சேக்கிழார் ஒரு சொல்லும் வைக்கவில்லை.